ஸ்டார் ட்ரெக் கதைக் குழுவுக்கு ஒரு திறந்த மடல்: 1992-ஐ 1992-லேயே விட்டிருக்கலாம்

ஸ்டார் ட்ரெக் விண்வெளிக் கதைத் தொடர்களை எழுதுபவர்களுக்கும், எழுதியதற்கு ஒப்புதல் தருபவர்களுக்கும்,

வணக்கம். கேனன் (கதை உலகில் உண்மையில் நடந்ததாக ஏற்கப்பட்டவை) என்றாலே ரசிகர்கள் சண்டைக்கு வருகிறார்கள் என்று உங்கள் பக்கம் ஒரு சலிப்பு இருக்கலாம். இந்த மடல் அந்தச் சண்டைக்கானது அல்ல. எங்கள் கோரிக்கை ஒன்றுதான்: பழைய ஆண்டுக் கணக்கு இடிக்கும்போது, அதை அழிக்கக் காலப் பயணத்தை ரப்பராகப் பயன்படுத்தாதீர்கள். அதற்குப் பதில் ஒரு பேரேடு வையுங்கள். எந்தச் சான்று எதை வெல்லும் என்ற விதியை அதன் முதல் பக்கத்திலேயே எழுதிவிடுங்கள்.

கான் விஷயத்தையே எடுத்துக்கொள்வோம். மரபணு மாற்றி உருவாக்கப்பட்ட சர்வாதிகாரி அவர்; அவரைப் போன்றவர்களால் மூண்டவையே யூஜெனிக்ஸ் போர்கள். பழைய தொடரில் 1967 பிப்ரவரியில் வந்த 'ஸ்பேஸ் சீட்' எபிசோடில், எண்டர்பிரைஸ் கப்பலின் அறிவியல் அதிகாரி ஸ்பாக் சந்தேகத்துக்கு இடமில்லாமல் சொல்கிறார்: 1992 முதல் 1996 வரை, ஆசியாவிலிருந்து மத்தியக் கிழக்கு வரை, உலகின் கால் பங்குக்கும் மேல் கானின் பிடியில் இருந்தது. 1982-இல் வந்த இரண்டாவது படத்தில் கானே 1996 என்று சொல்கிறார். பிறகு நிஜமான 1996 வந்தது. அப்படி எந்தப் போரும் நடக்கவில்லை. அந்த ஆண்டு 'வாயேஜர்' தொடர் தன் கப்பலை 1996-இன் லாஸ் ஏஞ்சல்ஸுக்கே கொண்டுபோனது. போரைப் பற்றி ஒரு வார்த்தை கிடையாது. ஆனால் வானியல் ஆய்வகப் பெண்ணின் மேசையில் டிஒய்-100 ரகக் கப்பலின் சிறு மாதிரி ஒன்று நிற்கிறது. கான் தப்பிப்போன 'பாட்டனி பே' அந்த ரகம்தான். மறுக்கவும் இல்லை, விளக்கவும் இல்லை. பார்க்கத் தெரிந்தவர்களுக்கு ஒரு கண்ஜாடை, அவ்வளவே. இந்த விஷயத்தை இதைவிட நாசூக்காக யாரும் கையாளவில்லை என்பது எங்கள் எண்ணம்.

அடுத்த ஆண்டே ஒரு பிசகு. 'டீப் ஸ்பேஸ் நைன்' தொடரில் 2373-இல் ஓர் அட்மிரல், யூஜெனிக்ஸ் போர்கள் இருநூறு ஆண்டுகளுக்கு முன் நடந்தவை என்கிறார். கழித்துப் பாருங்கள்: 2173. ஃபெடரேஷன் (பல கோள்களின் கூட்டமைப்பு) உருவானதே 2161-இல். அவர் கணக்குப்படி, ஃபெடரேஷன் தோன்றிப் பன்னிரண்டு ஆண்டு கழித்துக் கான் பூமியை ஆண்டிருக்க வேண்டும்! பழைய எபிசோடில் இருந்த 'இருநூறு ஆண்டு' வசனத்தை, நிகழும் ஆண்டை மாற்றாமல் அப்படியே தூக்கிப் போட்டால் வேறென்ன வரும்.

2022 மே 5 அன்று இரண்டு எபிசோட்கள் ஒரே நாளில் வெளிவந்தன. 'பிகார்ட்' தொடரின் இரண்டாம் சீசன் கடைசி எபிசோடில், 2024-இல் இருக்கும் மரபணு விஞ்ஞானி ஆடம் சூங் 'புராஜெக்ட் கான்' என்று எழுதிய கோப்பை எடுக்கிறார். அதில் 1996 என்று இருக்கிறது. பழைய தொடருக்கு முந்தைய காலத்தில் நடக்கும் 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் முதல் எபிசோடிலோ கேப்டன் பைக், இரண்டாம் உள்நாட்டுப் போர், அதன்பின் யூஜெனிக்ஸ் போர், கடைசியில் மூன்றாம் உலகப் போர் என்று வரிசைப்படுத்துகிறார். பின்னால் ஓடுவது இந்த நூற்றாண்டின் செய்திக் காட்சிகள். ஒரே நாளில் வந்த இந்த இரண்டையும் ஒருவர் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்திருந்தாலே போதும்.

பிறகு 2023. அதே தொடரின் 'டுமாரோ அண்ட் டுமாரோ அண்ட் டுமாரோ' எபிசோடில், கானின் வழித்தோன்றலான லான் இருபத்தோராம் நூற்றாண்டு டொரோண்டோவுக்குப் போகிறார். அங்கே கான் இன்னும் சிறுவன். ரோமுலன் என்ற வேற்றுக்கோள் இனத்து உளவாளி விளக்கம் தருகிறாள்: இதெல்லாம் 1992-இலேயே நடந்திருக்க வேண்டும், காலத்தில் பலர் கைவைத்ததால் நிகழ்வுகள் தள்ளிப்போய்விட்டன. லானின் தவிப்பு, சிறுவன் கானை அவள் பார்க்கும் காட்சி எல்லாம் அருமை. அந்த எபிசோடின் மீது எங்களுக்குக் கோபமில்லை. அந்த ஒரு வசனத்தின் விலைதான் எங்கள் கவலை.

விலை இதுதான். போர் 1992-இல் நடக்கவில்லை என்றால், பழைய தொடரின் கதை நடக்கும் 2267-இல் ஸ்பாக் '1992' என்று சொல்ல முடியாது. ஆனால் 1967-இல் ஒளிபரப்பான எபிசோடில் சொல்கிறார். அப்படியென்றால் இப்போது நாம் பார்க்கும் ஸ்பாக், பழைய தொடரின் ஸ்பாக்காக வளரப்போவதில்லை. அவர் வேறொரு ஸ்பாக். 'ஸ்ட்ரேஞ்ச் நியூ வேர்ல்ட்ஸ்' தொடரின் உயிர்நாடியே, இவர்கள் பின்னால் என்ன ஆகப்போகிறார்கள் என்று நமக்குத் தெரியும் என்பதுதான். பைக்குக்குப் பின்னாளில் நேரப்போகும் விபத்து அவருக்கே தெரியும், நமக்கும் தெரியும். முதல் சீசனின் இறுதி எபிசோட் முழுவதும் அந்த விதியைத் தவிர்த்தால் என்ன கெடும் என்பதைப் பற்றியது. அந்தத் தரையையே நகரக்கூடியதாக்கிவிட்டு, அதன் மேல் நின்று எந்தச் சோகத்தைச் சொல்வீர்கள்?

இவ்வளவுக்கும் வழி 1967-லேயே திறந்து இருந்தது. 'பாட்டனி பே' என்ற பெயரைத் தேடிவிட்டு, பட்டியலில் இல்லை என்று சொல்லும் ஸ்பாக், அந்தக் காலத்துப் பதிவுகள் துண்டு துண்டாகத்தான் கிடைக்கின்றன என்றும் சேர்த்துச் சொல்கிறார். ஓர் அணு ஆயுதப் போரில் ஆவணங்கள் அழிந்த உலகம் அது. இருபத்து மூன்றாம் நூற்றாண்டு வரலாற்றாசிரியர்கள் முப்பது, நாற்பது ஆண்டு பிசகியிருக்கலாம். 2023 எபிசோடில் லான், 'நாங்கள் படித்த வரலாற்றில் இந்தத் தேதி தவறு' என்று ஒரே வரி சொல்லியிருந்தால் முடிந்தது. ஸ்பாக்கின் வசனம் அப்படியே நிற்கும், சிறுவன் கானும் இருபத்தோராம் நூற்றாண்டில் இருப்பான், எந்தக் காலக்கோடும் உடையாது. அதையும்விட எளிய வழி, அது அவர்களுடைய 1992, நம்முடையது அல்ல என்று விட்டுவிடுவது. ஒளியை விஞ்சும் வார்ப் இயந்திரத்தை ஏற்றுக்கொண்ட பார்வையாளர் ஒரு கற்பனை 1992-ஐ ஏற்க மாட்டாரா என்ன?

இனிக் காலப் பயணம் பற்றி. இந்தத் தொடரில் குறைந்தது நான்கு வகை விதிகள் இருக்கின்றன. 'தி சிட்டி ஆன் தி எட்ஜ் ஆஃப் ஃபாரெவர்' எபிசோடில் கப்பலின் மருத்துவர் மெக்காய் கடந்த காலத்துக்குள் குதித்ததும் மேலே சுற்றிக்கொண்டிருந்த எண்டர்பிரைஸே மறைந்துவிடுகிறது. அது அழித்து எழுதும் விதி. 'டைம்ஸ் ஆரோ'வில் இயந்திர மனிதர் டேட்டாவின் தலை சான் பிரான்சிஸ்கோ மண்ணுக்கடியில் ஏற்கெனவே கிடக்கிறது. அவர் போகத்தான் வேண்டும். அது வளைய விதி. 'பேரலல்ஸ்' எபிசோடில் எண்ணற்ற உலகங்கள் முன்பிருந்தே பக்கத்தில் பக்கத்தில் ஓடுகின்றன. 2009 படத்தில் ரோமுலன் நீரோ 2233-க்கு வந்து விழுந்ததும் புதிய கிளை பிரிகிறது. பழைய உலகமும் பிழைத்திருக்கிறது. அதனால்தான் 2387-இல் ரோமுலன்களின் தாய்க்கோள் ரோமுலஸ் அழிந்ததைப் 'பிகார்ட்' தொடர் பின்னால் எடுத்துக்கொள்ள முடிந்தது.

நான்கும் இருப்பதில் தவறில்லை. எந்தக் கருவி எந்த விதியைக் கொண்டுவரும் என்று யாரும் எழுதி வைக்காததுதான் சிக்கல். கிளை பிரிவதே பொது விதி என்றால், வரலாற்றைக் காக்க கேப்டன் கிர்க் தான் காதலித்த ஈடித் கீலரைச் சாகவிட்டதற்கு அர்த்தமே இல்லை. அந்த இழப்பு வீண். அழித்து எழுதுவதே பொது விதி என்றால், 2009-க்குப் பிறகு பழைய தொடர் எதுவுமே நடக்கவில்லை. ஆகவே விதியைக் கருவியோடு கட்டிவிடுங்கள். மெக்காய் குதித்த கார்டியன் வாயில் வழியாகப் போனால் அழித்து எழுதும். போர்க் (Borg) என்ற பாதி இயந்திர இனத்தின் கோளக் கப்பல் உண்டாக்கும் காலச் சுழலும் அப்படித்தான். 1996-இல் வந்த 'ஃபர்ஸ்ட் காண்டாக்ட்' படத்தில் எண்டர்பிரைஸ்-இ கப்பல் அந்தச் சுழலின் பின்னலையில் இருந்ததால் மட்டுமே, மாறிப்போன பூமியைப் பார்த்துவிட்டுத் துரத்திச் செல்ல முடிகிறது. 2009 படத்தில் ரெட் மேட்டர் என்ற பொருள் உண்டாக்கிய கருந்துளை கிளை பிரிக்கும். புதுக் கருவி வந்தால், அதன் விதியைத் திரைக்கதைக்கு முன் ஒரு வரியில் எழுதிவிட வேண்டும். காலம் தானே தள்ளிக்கொண்டு சரிசெய்துகொள்ளும் என்ற ரோமுலன் உளவாளியின் விளக்கம் ஐந்தாவது விதி. அது எந்தக் கருவிக்கும் கட்டுப்படவில்லை. எப்போது வேண்டுமானாலும் எதற்கு வேண்டுமானாலும் நீட்டலாம். அதனால்தான் அது ஆபத்து.

வளைய விதியைப் பிசிறில்லாமல் செய்த எபிசோட் ஒன்று உண்டு, யாரும் அதிகம் பேசுவதில்லை. 'எண்டர்பிரைஸ்' தொடரில் 2003-இல் வந்த 'ரீஜெனரேஷன்'. அந்த 1996 படத்தில் நொறுங்கிய போர்க் கோளத்தின் சிதிலம் ஆர்க்டிக் பனியில் கிடக்கிறது. 2153-இல் அதைத் தோண்டுகிறார்கள். போர்க் உயிர்த்தெழுந்து தன் தாயகமான டெல்டா குவாட்ரன்ட் நோக்கிச் செய்தி அனுப்புகிறது. போய்ச் சேரக் குறைந்தது இருநூறு ஆண்டு ஆகும் என்கிறார் கப்பலின் அறிவியல் அதிகாரி டி'பால். 2353-க்குப் பிறகு எப்போது வேண்டுமானாலும் சேரலாம். கேப்டன் பிகார்ட் போர்க் இனத்தை முதலில் சந்திப்பது 2365. எந்தப் பழைய வசனத்தையும் தொடாமல் கணக்கு சேர்ந்துவிட்டது. இதை எழுதியவர்கள் கூட்டல் போட்டுப் பார்த்திருக்கிறார்கள் என்பது பார்த்தாலே தெரிகிறது.

பேரேடு எப்படி இருக்க வேண்டும்? ஒவ்வொரு ஆண்டுக் குறிப்புக்கும் ஒரு வரி. உதாரணமாக இப்படி:

கானின் ஆட்சி: 1992–1996. சான்று: 'ஸ்பேஸ் சீட்', வசனம். சொன்னவர்: ஸ்பாக், 2267-இல். அவருக்கு எப்படித் தெரியும்: வரலாற்றுப் பதிவுகள். நம்பகம்: பதிவுகள் துண்டு துண்டானவை என்று அவரே சொல்கிறார். இதைச் சார்ந்தவை: 'பாட்டனி பே' புறப்பட்ட ஆண்டு, லானின் வம்சாவளி, மூன்றாம் உலகப் போரின் தொடக்கம்.

இதில் கடைசிப் பகுதிதான் உயிர். ஒரு தேதியைத் தொட்டால் எத்தனை தேதிகள் ஆடும் என்று எழுத்தாளர் முன்கூட்டியே பார்த்துவிடலாம்.

சான்றுகளுக்குத் தரவரிசையும் வேண்டும். முதலிடம், ஆண்டைச் சொல்லும் வசனத்துக்கு. 1988-இல் 'தி நியூட்ரல் ஸோன்' எபிசோடில் டேட்டா சொன்ன 2364 அப்படிப்பட்டது; 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' கால வரிசை முழுவதும் அந்த ஒரு ஆணியில்தான் தொங்குகிறது. அடுத்தது இடைவெளியைச் சொல்லும் வசனம். இங்கேதான் நிறையத் தடுமாற்றம். இரண்டாம் படத்தில் கிர்க், கானைப் பார்த்துப் பதினைந்து ஆண்டு ஆகிறது என்கிறார். 2267-உடன் 15 சேர்த்தால் 2282. ஆனால் அதே படத்தில் மெக்காய் பிறந்தநாள் பரிசாகக் கொண்டுவரும் ரோமுலன் ஏல் பாட்டிலில் 2283 என்று இருக்கிறது; கிர்க் அதைப் படிக்கவும் செய்கிறார். அடுத்த ஆண்டு வடித்த மதுவை இந்த ஆண்டு குடிக்க முடியாது. 15 என்பது எங்கிருந்து வந்தது என்பதில் மர்மம் இல்லை: எபிசோட் 1967, படம் 1982. கதைக்குள் ஓட வேண்டிய கணக்கில் வெளியுலகக் கணக்கு நுழைந்துவிட்டது. இதற்கு ஒரு விதி போதும்: வசனத்தில் வரும் இடைவெளி ஐந்தின் மடங்காக இருந்தால், இருபது சதவீதம் முன்பின் என்று கொள்ளுங்கள். 15 என்றால் 12 முதல் 18 வரை. 2267-உடன் 18 சேர்த்தால் 2285. காலவரிசை நூல்கள் படத்தை வைக்கும் ஆண்டும் அதுதான். (பாட்டிலில் இருப்பது ரோமுலன் ஆண்டு என்று வாதாடுபவர்களும் இருக்கிறார்கள். ரோமுலன் பாட்டிலில் பூமி எண்கள் எதற்கு என்று கேட்டால் பதில் வராது.)

மூன்றாமிடம், திரையில் படிக்கக் கிடைக்கும் எழுத்துக்கு. இதை வசனத்துக்குக் கீழேதான் வைக்க வேண்டும். பழைய தொடரின் இரண்டாவது முன்னோட்ட எபிசோடில் கல்லறைக் கல்லில் 'ஜேம்ஸ் ஆர். கிர்க்' என்று பொறித்திருக்கிறது. அவர் ஜேம்ஸ் டி. கிர்க். எண்டர்பிரைஸ்-டி கப்பலின் பெரிய குறுக்குவெட்டு வரைபடத்தில் அலங்காரக் குழு குறும்பாக ஒரு வாத்தை வரைந்து வைத்தது. பழைய டிவியில் யாருக்கும் தெரியாது. ப்ளூரே வந்ததும் இப்படிப்பட்டவை எல்லாம் பளிச்சென்று தெரிகின்றன. கப்பலில் ராட்சத வாத்து இருந்தது கேனன் என்று ஏற்க வேண்டியதில்லை. நான்காமிடம் காலவரிசை நூல்களுக்கு. அவற்றைக் குறைத்துச் சொல்லவில்லை. பழைய தொடரை ஒளிபரப்புக்குச் சரியாக முந்நூறு ஆண்டு தள்ளி வைத்தது 1993-இல் வந்த ஒகுடா தம்பதியின் காலவரிசை நூல்தான். அந்த அனுமானத்தோடு ஒத்துப்போகும்படி, 2001-இல் 'வாயேஜர்' தொடரின் ஈசெப், கிர்க்கின் ஐந்தாண்டுப் பயணம் 2270-இல் முடிந்தது என்று வாய்விட்டுச் சொல்ல, முதல் தரச் சான்று கிடைத்துவிட்டது. இப்படி மேலேறுவது நல்லது.

ஸ்டார்டேட் என்னும் கதை உலகத் தேதி எண்ணை ஐந்தாமிடத்தில் வைக்கச் சொல்கிறோம். ஆனால் அதில் ஒன்றை நீங்கள் சுலபமாகச் சரிசெய்யலாம். 'நெக்ஸ்ட் ஜெனரேஷன்' முதல் ஆயிரம் அலகு ஓர் ஆண்டு. ஒரு அலகு என்பது 8 மணி 46 நிமிடம். ஆண்டு எப்போது தொடங்குகிறது என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. பலரும் ஜனவரி 1 என்று வைத்துக் கணக்குப் போடுகிறார்கள். அது இடிக்கிறது. 'டேட்டாஸ் டே' எபிசோடில் டேட்டா 44390.1 என்று தேதியிட்டு, அன்று கப்பலில் நடப்பவற்றைப் பட்டியலிடுகிறார். அதில் இந்துக்களின் ஒளித் திருநாளும் ஒன்று. ஜனவரி கணக்குப்படி, ஆண்டுக்குள் கடந்த அலகான 390 என்பது மே 23 வாக்கில் விழும். மே மாதத்தில் தீபாவளி கொண்டாட எந்தப் பஞ்சாங்கமும் இடம் தராது. மாறாக, தீபாவளியை அக்டோபர் நடுவிலிருந்து நவம்பர் நடுவுக்குள் வைத்துப் 390 அலகுக்குரிய 142 நாளைப் பின்னோக்கி எண்ணினால், ஆண்டுத் தொடக்கம் மே கடைசி வாரத்திலிருந்து ஜூன் இறுதிக்குள் வருகிறது.

'வாயேஜர்' தொடரின் 'ஹோம்ஸ்டெட்' எபிசோடில் முதல் சந்திப்பு நாளின் 315-ஆம் ஆண்டு விழா. மனிதர் முதன்முதலில் வேற்றுக்கோளினரைச் சந்தித்த அந்த முதல் சந்திப்பு 2063 ஏப்ரல் 5. ஆகவே அது 2378 ஏப்ரல். ஸ்டார்டேட் 54868.6. 868.6 அலகு என்பது 317 நாள்; ஏப்ரல் 5-இலிருந்து அவ்வளவு பின்னால் போனால் 2377 மே 23. ஒன்றுக்கொன்று சம்பந்தமில்லாத இரண்டு எபிசோட்கள், பத்தாண்டு இடைவெளியில் எழுதப்பட்டவை, சில நாள் வித்தியாசத்தில் ஒரே இடத்தைக் காட்டுகின்றன. டேட்டா சொன்ன 2364-உம் இதோடு இடிக்காது. அந்த எபிசோடின் 41986.0 என்பது 2364 மே மாதமாகிவிடும். ஸ்டார்டேட் ஆண்டு மே இறுதியில் பிறக்கிறது என்று ஒரே வரியில் அறிவித்துவிடுங்கள். ஒரு வசனத்தைக்கூட மாற்ற வேண்டியதில்லை.

எல்லாம் சேரும் என்று சொல்ல மாட்டோம். அதே பதிவில் டேட்டா, கப்பல் பணியில் இறங்கி 1550 நாள் ஆகிறது என்கிறார். கப்பலின் பித்தளைப் பலகையில் 40759.5 என்று இருக்கிறது. இரண்டுக்கும் இடையே 1326 நாள்தான் வருகிறது. 224 நாள் உதைக்கிறது. இதை விளக்க யாரும் ஓர் எபிசோட் எழுத வேண்டாம். வசனம் பலகையை வெல்லும் என்று மேலே சொன்ன வரிசையே தீர்ப்பு சொல்லிவிடுகிறது.

விளக்கம் வேண்டாத இடத்தில் விளக்காமல் இருப்பதும் ஒரு கலை. க்ளிங்கன் என்ற வேற்றுக்கோள் இனத்தவரின் நெற்றி 1979 படத்தில் திடீரென்று மேடு பள்ளமானது. 1996-இல் க்ளிங்கன் அதிகாரி வோர்ஃபிடம் கேட்டபோது, வெளியாரிடம் நாங்கள் அதைப் பற்றிப் பேசுவதில்லை என்று முடித்துக்கொண்டார். 2005-இல் இரண்டு எபிசோட் செலவழித்து வைரஸ் காரணம் சொன்னார்கள். கதை மோசமில்லை, ஆனாலும் வோர்ஃபின் ஒரு வரிக்கு அது ஈடாகாது. ட்ரில் இனத்தவர் 1991-இல் நெற்றி மேட்டோடு வந்து 1993-இல் புள்ளிகளோடு மாறியதை இன்றுவரை யாரும் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஒப்பனை மாறினால் ஒப்பனை மாறியது, அவ்வளவுதான்.

கடைசியாக, இன்னும் நடக்காத ஒரு விபத்து. பூமி-ரோமுலன் போரை யாராவது ஒருநாள் படமாக்கத்தான் போகிறார்கள். 'எண்டர்பிரைஸ்' தொடர் 2005-இல் அதன் வாசலில் நின்றுவிட்டது. எழுதத் தொடங்கும் முன் 1966-இல் வந்த 'பேலன்ஸ் ஆஃப் டெரர்' எபிசோடில் ஸ்பாக் தரும் விளக்கத்தை ஒரு தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். அணு ஆயுதங்கள். அன்றைய பழங்காலக் கப்பல்கள். கைதிகள் பிடிபடவில்லை. கப்பலுக்குக் கப்பல் முகம் பார்த்துப் பேசும் வசதி இல்லை; உடன்படிக்கைகூட சப்ஸ்பேஸ் வானொலி வழியாகத்தான். மனிதரோ நேச நாட்டவரோ ரோமுலன் முகத்தைப் பார்த்ததே இல்லை. கண்ணுக்குத் தெரியாமல் மறையும் கப்பலும் அதே எபிசோடில் கிர்க் குழுவினருக்கு அதிர்ச்சியாகவே வருகிறது. கோட்பாட்டளவில் முடியும், ஆனால் ஏராளமான ஆற்றல் செலவாகும் என்கிறார் ஸ்பாக். 2002-இல் 'மைன்ஃபீல்ட்' எபிசோட் மறையும் கண்ணிவெடிகளைக் காட்டி இதில் ஏற்கெனவே ஒரு விரிசல் வைத்துவிட்டது. அதைப் பெரிதாக்காதீர்கள். போரில் மறையும் கப்பல்களே வேண்டாம்.

முகத்தைக் காட்டாமல் எப்படிக் கதை சொல்வது என்று கேட்டால், 2005-இன் 'பேபல் ஒன்' தொடங்கி வந்த மூன்று எபிசோட்களைப் பாருங்கள். தொலைவிலிருந்து இயக்கும் ஆளில்லாக் கப்பல். அதை இயக்கும் ரோமுலன்களைப் பார்வையாளர் பார்க்கிறார், கேப்டன் ஆர்ச்சர் பார்ப்பதில்லை. போர் முழுவதையும் இந்தக் கட்டுப்பாட்டுக்குள் எழுதலாம்: இரண்டு பக்கமும் தனித்தனிக் காட்சிகள், நடுவில் குரல் மட்டும். நொறுங்கிய ரோமுலன் கப்பலில் உடல் ஏன் கிடைப்பதில்லை என்பதற்கு மட்டும் ஒரு காரணம் தேவைப்படும். பிடிபடும் நிலை வந்தால் தங்கள் கப்பலைத் தாங்களே வெடித்துச் சிதறடிப்பது ரோமுலன் வழக்கம் என்று கிர்க் காலத்துத் தளபதியே செய்து காட்டியிருக்கிறார். அதையே எடுத்துக்கொள்ளுங்கள்.

இப்படிக்கு,
கால வரிசைப்படி எபிசோட் பார்க்கும் ரசிகர்கள் சிலர்